எச்.எஸ்.சி. புவியியல்: எரிமலைத் தீவுகளுக்கு ஒரே ஒரு படம்

இங்கே மொரிஷியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. ரிசல்ட் வந்துவிட்டது, புவியியலில் நான் ஆசைப்பட்ட கிரேடே கிடைத்தது. காவடிக்குக் கோயிலில் பார்த்த தம்பி தங்கைகள் பலரும் எரிமலைத் தீவுகள் பாடத்தைப் பற்றியே கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் போன டியூஷனில் கொடுத்த நோட்ஸ் முழுக்க ஹவாய்தான். உள்ளூர் உதாரணம் தேவையில்லை என்றே சொன்னார்கள். எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. எரிமலைத் தீவின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஹவாயை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

நான் செய்தது ஒன்றுதான். ஒரு நீளக் கோடு போட்டு, தீவுகளை வயதுப்படி அதில் வைத்தேன். இதை மட்டும் விடாதீர்கள்.

இடது ஓரத்தில் பக்கத்துத் தீவான ரியூனியன். அங்குள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் வெடிக்கிறது. 2007-இல் அதன் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. அடுத்து நாம், மொரிஷியஸ், வயது 80 முதல் 90 லட்சம் ஆண்டுகள். அப்புறம் கடலுக்குள் கிடக்கும் நசரேத் திட்டு, சாகோஸ், மாலத்தீவு. வலது கடைசியில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் லாவா கொட்டிய தக்காணம். அடியில் உள்ள வெப்ப மூலம் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்க, மேலே பூமியின் மேலோட்டுத் தட்டு நகர்ந்துகொண்டே போனது.

கோட்டுக்கு மேலே உயரத்தையும் குறியுங்கள். ரியூனியனின் பிட்டோன் தெ நேஜ் சுமார் 3,070 மீட்டர், நம் பிளாக் ரிவர் சிகரம் 828, மாலத்தீவில் கடல் மட்டத்தை ஒட்டிய மணல். மூலத்தை விட்டு விலகும் தட்டு குளிர்ந்து கனமாகித் தாழ்கிறது. மழையும் ஆறும் மேலிருந்து அறுக்கின்றன. 1966-இல் ரியூனியனின் ஃபோக்-ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது. அங்குள்ள சிலாவோஸ், மஃபாத், சலாசி பள்ளங்கள் ஏன் அவ்வளவு ஆழம் என்று எழுதும்போது இந்த எண் கைகொடுக்கும்.

இனி முக்கியமான இடம். "தீவு பிறக்கிறது, வளர்கிறது, சாகிறது" என்று நேர்கோடாக எழுதி நிறுத்தினால் நடுத்தர மார்க்தான். நம் தீவு அப்படி நடந்துகொள்ளவில்லை. பழைய கேடய எரிமலை (கேடயம் போல அகன்று சரிவு குறைந்தது) சுமார் 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடங்கியது. நீண்ட ஓய்வு. பிறகு 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறுபடி லாவா, மறுபடி ஓய்வு, கடைசியாக சுமார் 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை மூன்றாம் சுற்று. மூலத்தை விட்டு விலகிய பிறகும் இப்படி விழித்துக்கொண்டது என்று எழுதினேன். மதிப்பிடு என்று கேட்கும் கேள்விக்கு இதுதான் விடை.

எனக்கு நடந்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். கோயில் படியேறும் கோர் தெ கார்ட் மலை அந்தப் பழைய எரிமலையின் மிச்சம். க்யூர்பிப் ஊரில் உள்ள த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய் மூன்றாம் சுற்றில் வந்தது. கரும்புக்காட்டில் குவித்திருக்கும் கறுப்புக் கற்களும் பிற்கால லாவாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், நோட்ஸ் தானாக ஏறும்.

கலக்கக் கூடாதவை:
- செஷல்ஸின் பெரிய தீவுகள் கிரானைட் பாறை, லாவா அல்ல, இந்த வரிசையில் வராது.
- ரொத்ரிக்ஸ் தீவின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. கோட்டுக்கு வெளியே, கிழக்கே இருக்கிறது.
- மாலத்தீவும் சாகோஸும் இப்போது இந்தியத் தட்டில், நாம் ஆப்பிரிக்கத் தட்டில். நடுவில் கடலடி மலைத்தொடர் அந்தத் தடத்தை வெட்டிவிட்டது.

பவளப்பாறை கேள்வி வந்தாலும் அதே படம்தான். 1836-இல் நம் தீவுக்கு வந்த டார்வின் சொன்ன வரிசையை அதன் மேலேயே ஏற்றலாம்: ரியூனியனின் மேற்குக் கரையில் ஒடுங்கிய பாறை, நம்மைச் சுற்றி அகன்ற லகூன் (கரைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள ஆழமில்லாக் கடல்), மாலத்தீவில் மலை மறைந்து வளையம் மட்டும். படத்தைப் பென்சிலில் முதலில் போட்டுவிட்டு அப்புறம் பத்தி எழுதுங்கள். கடைசியில் வரைய நேரம் இருக்காது.