ஆக்கவுரிமை வழக்கில் பொறியியலாளருக்கு என்ன வேலை?

பேராதனையில் பொறியியல் படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போன நான் படித்த படிப்பை வீணாக்கிவிட்டதாகவே ஹட்டனில் இருக்கும் என் உறவினர்கள் இன்றும் நினைக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளையொன்று பொறியியல் பீடத்துக்குத் தெரிவாவது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்கள் என்பதால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் புலமைச் சொத்து வழக்குகளில், குறிப்பாகப் புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் தனியுரிமையான ஆக்கவுரிமை எனப்படும் பேடன்ட் வழக்குகளில், அந்தப் படிப்பு இல்லாவிட்டால் பாதி வேலை ஓடாது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமையின் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போவதால், தலவாக்கலைத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தைப் பற்றிய தகராறும் மலையிறங்கியே ஆகவேண்டும்.

கற்பனையாக ஓர் உதாரணம் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து வாட்டும் தொட்டியில், விசிறிக்கு முன்னால் காற்றைப் பங்கிட்டுவிடும் "அசையக்கூடிய தகடு" ஒன்றுக்கு ஒருவர் ஆக்கவுரிமை பெற்றிருக்கிறார். எதிராளியின் தொட்டியிலும் தகடு உண்டு. ஆனால் அது போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. போல்ட்டைத் தளர்த்தினால் எந்தத் தகடும் அசையும் என்று வழக்காளி வாதிடுவார். பொறியியல் தெரிந்த சட்டத்தரணிக்கு வாய்ப்புக் கிடைப்பது இங்கேதான். "அசையக்கூடிய" என்ற சொல்லுக்கு அவ்வளவு விரிந்த பொருள் கொடுத்தால், விண்ணப்பத் திகதிக்கு முன்பே மலையகத் தொழிற்சாலை ஏதேனும் ஒன்றில் போல்ட் போட்ட தகடு பகிரங்கப் பாவனையில் இருந்ததாக நிரூபித்தாலே போதும், புதுமை இல்லையென்று ஆக்கவுரிமையே செல்லாததாகிவிடும். பொருளைச் சுருக்கினாலோ மீறல் நடக்கவில்லை என்றாகிவிடும். வழக்காளியை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிவைக்க, தொட்டிக்குள் காற்று எப்படிப் போகிறது என்பது எதிராளியின் சட்டத்தரணிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்ததை நானே சொல்லவும் முடியாது. சாட்சி சொல்ல நிபுணர் வேண்டும்; எனக்கு உரியது குறுக்கு விசாரணை மட்டுமே. இந்தக் கட்டுப்பாடு ஆரம்பத்தில் எரிச்சலூட்டியது, இப்போது பழகிவிட்டது. இத்தகைய வழக்கில் எதிராளிக்காக ஆஜரானால் நான் முதலில் தேடுவது கலாநிதிப் பட்டம் பெற்ற நிபுணரை அல்ல, தேயிலைத் தொழிற்சாலையில் உற்பத்தியைப் பொறுப்பேற்று நடத்தி இளைப்பாறிய டீமேக்கர் ஒருவரையே. தகட்டைப் பொருத்திய நாளைத் திகதியோடு குறித்துவைத்த பழைய பராமரிப்புப் பதிவேடு அவரிடம் இருந்தால், வழக்காளியின் சட்டத்தரணி சமரசம் பேச வருவதற்கு அதிக நாள் எடுக்காது.