கேமராவே பார்த்துக்கொள்ளும்

இன்று காலை நானும் கேமராவும் சேர்ந்துதான் தெருவுக்குப் போனோம். திரும்பி வரும்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

வழக்கமாக நான், எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். லென்ஸ் துளையை எஃப்8இல் வைத்து, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டு நடையைக் கட்டுவேன். என் 35 மி.மீ. லென்ஸில் அப்படி வைத்தால் சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எது வந்தாலும் தெளிவாக விழும். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பார்க்கத் தகுந்த எதுவும் ஒன்றரை மீட்டரில் நடக்கும், இல்லாவிட்டால் பத்து மீட்டரில் நடக்கும். போன வாரம் எடுத்தவற்றில் பாதி அப்படித்தான் போயிற்று. பார்த்துவிட்டு வீட்டம்மா கேட்டாள்: "எல்லாம் இதுக்குள்ளயே இருக்குன்னு சொல்லித்தானே வாங்குனீங்க? அதையே எடுக்கச் சொல்லுங்களேன்."

சரி, எடுக்கட்டும் என்று சக்கரத்தைப் பச்சை ஆட்டோவில் வைத்தேன்.

தெருமுனையில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வந்தார். நான்கு கால்களும் வானத்தைப் பார்த்து நிற்க, கொம்பு முளைத்த மனிதர். இந்த மாதிரி வருஷத்துக்கு ஒன்று மாட்டினால் பெரிய விஷயம். கேமராவைத் தூக்கினேன். முகத்தைத் தேடும் சதுரம் திரையில் வந்தது, இவரைத் தாண்டிப் போனது, பின்னால் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த விளம்பரப் பெண்ணின் மேல் உட்கார்ந்துகொண்டது. நாற்காலி நிழலில் இவர் முகம் அதற்கு ஒரு முகமாகவே படவில்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். முன்னால் கொம்போடு ஒரு மேகம் போகிறது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே ப்ரெஸ்ஸோன் 1932இல் பாரிஸில் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டுவதை எடுத்தாரே, அந்தப் படத்திலும் பின்னால் சுவரொட்டிகள் உண்டு. நல்லவேளை, ஆட்டோஃபோகஸ் கேமரா கடைக்கு வந்ததே 1977இல்தான், கோனிகா நிறுவனத்தின் புண்ணியத்தில். நாற்பத்தைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்தச் சுவரொட்டிகள் மட்டும் பளிச்சென்று உலகப் புகழ் பெற்றிருக்கும். ப்ரெஸ்ஸோனோ, யார் கண்ணிலும் படக் கூடாது என்று தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்களில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தவர். என் கேமரா எப்படி என்று கேளுங்கள்.

பாலத்தடியில் ஒருவர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். நான் தூணோடு தூணாக நின்று பொத்தானைப் பாதி அழுத்தினேன். இருட்டில் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று கேமரா தன் ஆரஞ்சு விளக்கைப் போட்டது. அவர் சட்டைப் பையின் மேல் ஒரு ஆரஞ்சு வட்டம். அவர் குனிந்து பார்த்தார். சாம்பல் விழுந்ததைத் தட்டுவதுபோல் கையால் இரண்டு தட்டு தட்டினார். போகவில்லை. அப்புறம் நிமிர்ந்து தூணைப் பார்த்தார். அதே விநாடி ஃபிளாஷும் அடித்தது. அதற்குப் பிறகு நான் நடந்த நடைக்கு எந்த ஷட்டர் வேகமும் போதாது.

ஷட்டர் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். நிழல் வந்தால் போதும், ஆட்டோ 1/60 விநாடிக்கு இறங்கிவிடுகிறது. என் கை ஆடாமல் இருக்க அது போதும், வாஸ்தவம். எதிரே இருப்பவர் நடந்து போகிறவர் என்று அதற்கு யார் சொல்வது? குறைந்தபட்ச வேகம் 1/500 என்று கட்டிப்போட்டு, வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றிக்கொள் என்று விட்டிருக்க வேண்டும். ஆட்டோவிலேயே உருப்படியான ஆட்டோ அதுதான். பச்சையில் வைத்தால் அந்த மெனு மங்கிப்போய்க் கையைக் கட்டிவிடுகிறது.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். வழியெல்லாம் கேமரா தானாகவே 'க்ளிக்' என்றதுதான் தாங்கவில்லை. கழுத்தில் சும்மா தொங்குகிறது, நான் தொடவில்லை, க்ளிக். பேருந்து நிறுத்தத்தில் அதைத் திருப்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், "இப்ப எதுக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன். க்ளிக், க்ளிக்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "அதுவாப்பா, ஸ்மைல் ஷட்டர். தம்பிய எடுக்கறப்ப நான்தான் போட்டேன்." யாராவது சிரித்தால் கேமராவே எடுத்துவிடுமாம். 2007லேயே சின்னக் கேமராக்களில் வந்துவிட்ட சங்கதி. லேசான சிரிப்பு, நடுத்தரம், பெரிய சிரிப்பு என்று மூன்று படிகள் வேறு. இவள் லேசானதில் வைத்திருந்தாள்.

அது தானாக எடுத்தவை பதினான்கு. ஆறு, விளம்பரப் பெண். மீதியில் உண்மையான மனிதர்கள், உண்மையான சிரிப்பு. பேருந்து நிறுத்தப் பெஞ்சில் பல்லே இல்லாத ஒரு பாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் பக்கம் இரண்டு பள்ளிப் பையன்கள். எல்லாருடைய பார்வையும் லென்ஸுக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது. அந்த இடத்தில் இருந்தது என் தலை.

பதினான்கில் முதலாவது, 6.42க்கு எங்கள் வாசலில். கேமராவை ஆன் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடியிருக்கிறேன். வீட்டம்மா கதவில் சாய்ந்து நின்று, நான் இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு போடுவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் கேமராவைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள். கல்யாணப் படங்களுக்குப் பிறகு அவள் நேராகப் பார்க்கும் படம் எங்களிடம் இல்லை. ஃபிரேம் கோணல், நெற்றி பாதி வெட்டு, ஃபோகஸ் மட்டும் கண்ணில் கச்சிதம்.

"ஐயோ, தலைகூட வாரல. அழிச்சிடுங்க" என்றாள். ஆனால் கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெரிதாக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இது ஒண்ணு நல்லா எடுத்திருக்கீங்க."

நான் கேமராவின் பக்கம் பார்க்காமல், "ம்" என்றேன்.