உரம் விழுந்ததா, மூட்டில் சீழ் பிடித்ததா?

பிறந்து இருபது நாளான பிள்ளை ஒரு கையை மட்டும் அசைக்காமல் கிடக்கும், தூக்கினால் வீறிடும். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் "உரம் விழுந்திருக்கு" (சுளுக்கியிருக்கு) என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். பச்சிளம் குழந்தைக்கு எலும்பில் சீழ் பிடித்தாலும் இதே கோலம்தான், காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். துணி மாற்றக் காலை விரிக்கும்போதெல்லாம் அழுதால் இடுப்பு மூட்டைச் சந்தேகியுங்கள். உருட்டவும் வேண்டாம், உருவவும் வேண்டாம்.

பெரிய பிள்ளை என்றால் "வரப்பில் விழுந்தான்" என்ற கதை கூடவே வரும். அதை நம்பி எண்ணெய் போட்டுச் சுளுக்கெடுத்தே இரண்டு நாள் போய்விடும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்ற முடியாமை, ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 40க்கு மேல், ரத்த வெள்ளணு 12,000க்கு மேல்: நான்கும் சேர்ந்தால் இடுப்பு மூட்டில் சீழ் என்றே நடக்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. எக்ஸ்ரேயில் முதல் பத்து நாள் எலும்பு நன்றாக இருப்பது போலவே தெரியும். அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு. மூட்டு நீரை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும், எலும்பை எம்.ஆர்.ஐ. காட்டும்.

முதலில் ரத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனை), அடுத்து மூட்டு நீர், பிறகுதான் ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்து. (பிள்ளை துவண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது.) மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக் சிரப் கல்ச்சரைக் கெடுத்துவிடும். இடுப்பு மூட்டுச் சீழை அன்றைக்கே திறந்து கழுவியாக வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறினால் தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போகாது.

பெரும்பாலும் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்; ஆறாத சிரங்கு, கொப்புளம் வழியாகவும் உள்ளே போகும். செஃபசோலின் ஊசி கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 மில்லிகிராம், மூன்று வேளையாக. பச்சிளம் குழந்தைக்கு மருந்தும் அளவும் வேறு. காய்ச்சல் இறங்கி, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) குறைந்து, பிள்ளை காலை அசைக்க ஆரம்பித்தால் வாய்வழி மருந்துக்கு மாறலாம். ஈ.எஸ்.ஆர். மெதுவாகத்தான் இறங்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

தவறு நடப்பது வீட்டுக்குப் போன பிறகு. 12 கிலோ பிள்ளைக்கு செஃபலெக்சின் (வாய்வழி மருந்து) கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம். 5 மில்லியில் 125 உள்ள சிரப்பில் அது 48 மில்லி. 30 மில்லி பாட்டில் ஒரு நாளைக்கே போதாது. "இவ்வளவா?" என்று கடைக்காரர் பாதியாக்கிவிடுவார். சீட்டில் மில்லிகிராமோடு மில்லியையும், மொத்தம் எத்தனை பாட்டில் என்பதையும் எழுதிவிடுங்கள். மருந்து மூட்டுக்கு இரண்டு மூன்று வாரம், எலும்புக்கு மூன்று நான்கு வாரம். பச்சிளம் குழந்தைக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் இன்னும் கூடும். வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் இடம்) கெட்டிருந்தால் ஒரு கால் பிற்காலத்தில்தான் குட்டையாகும். அதனால் நடக்க ஆரம்பித்த பிறகும் வருடம் ஒருமுறை இரண்டு காலையும் அளந்து பார்க்க வேண்டும்.