இரண்டு பந்துகளுக்கு நடுவே

போன வாரம் ஒரு புத்தகத்தை முடித்தேன். 400 பக்கம். இதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் கணக்கைக் கேளுங்கள். முதல் 90 பக்கத்துக்கு எனக்கு 14 மாதம் ஆனது. அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில், லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே, தலையில் ஒரு சார்ஜர் வயரைச் சுமந்துகொண்டு கிடந்தது. பிறகு வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஒரு மெயில் வந்தது. திட்டிக்கொண்டேதான் ரயிலேறினேன். மீதி 310 பக்கம் ஏழே வாரத்தில் முடிந்துவிட்டது.

வீட்டிலிருந்து வேலை என்று ஆனபோது நான் போட்ட முதல் மனக்கணக்கே வாசிப்பைப் பற்றியதுதான். போக 40 நிமிடம், வர 40 நிமிடம், ஆக மிச்சம் 80 நிமிடம், அதில் பாதியைப் படிப்புக்குக் கொடுத்தாலும் மாதம் இரண்டு புத்தகம் ஓடிவிடும் என்று நம்பினேன். அந்த 80 நிமிடம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. காலையில் முகம் கழுவும் முன்பே ஒரு மெயிலுக்குப் பதில் போட்டிருப்பேன். சாயங்காலம் "ஒரே ஒரு நிமிஷம்" என்று யாராவது கூப்பிடுவார்கள், வைக்கும்போது மணி எட்டு. நான் ஒருவன்தான் இப்படிக் கோட்டை விட்டேன் என்று வெட்கமாக இருந்தது, ஆனால் 2023இல் சில பொருளாதார ஆய்வாளர்கள் 27 நாடுகளில் விசாரித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நாளில் சராசரியாக 72 நிமிடப் பயண நேரம் மிச்சம், அதில் 40 விழுக்காட்டைத் திரும்பவும் வேலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். அப்பாடா என்றிருந்தது. என் விழுக்காடு இன்னும் மோசம், அதை விடுங்கள்.

பயண நேரத்தைப் பற்றி எனக்குப் பிடித்த இன்னொரு கணக்கும் உண்டு. செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எழுதியது. மனிதன் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் போக வரச் செலவழிக்கிறான் என்கிறார். நடந்தே போன காலத்தில் மதில் சூழ்ந்த நகரங்கள் ஐந்து கிலோமீட்டர் குறுக்களவைத் தாண்டவில்லை. மையத்துக்கு அரை மணி, திரும்ப அரை மணி. டிராம் வந்தது, ரயில் வந்தது, கார் வந்தது. அந்த ஒரு மணி நேரம் குறையவில்லை, நகரம்தான் வீங்கியது. வேகம் கூடினால் நேரம் மிச்சமாகும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது என்னவென்றால் வீட்டை இன்னும் தள்ளிக் கட்டுகிறோம். மார்க்கெட்டியின் கணக்கில் எல்லா ஊரும் அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம், என் ஒரு மணி இருபது நிமிடமே அதற்குள் அடங்கவில்லை. ஆனாலும் மனிதனுக்கு இந்த ஒரு மணி நேரம் உள்ளுக்குள் வேண்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு வலுத்துக்கொண்டே வருகிறது.

ஏனென்றால் ரயிலில் இருக்கும் 40 நிமிடம் யாருக்கும் சொந்தமில்லை. வீட்டில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பங்காளி இருக்கிறார். துணி காய்ந்துவிட்டதா, அந்த ஃபைல் போய்விட்டதா, குழாய் சொட்டுகிறதே. சோபாவில் புத்தகத்தோடு உட்கார்ந்தாலே சும்மா இருப்பதாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் எனக்கே அப்படித் தோன்றிவிடும். ரயிலில் இந்தத் தொந்தரவு இல்லை. சும்மா இருப்பதுதான் அங்கே வேலை. படிக்காவிட்டால் எதிரில் இருப்பவரின் செருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இதை ரொம்பக் கவித்துவமாக்கவும் விருப்பமில்லை. இருக்கை கிடைக்காத நாளில் ஒரு கை கம்பியில், ஒரு கையில் புத்தகம், பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளித் திருப்ப வேண்டும், திருப்பும்போது அடுத்தவர் மூக்கில் இடிக்கும். மூன்று நாளில் ஒரு நாள் நானும் போனைத்தான் நோண்டிக்கொண்டு போகிறேன். அதிலும் டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாள் என்றால் புத்தகம் பையிலிருந்து வெளியே வருவதே அபூர்வம்.

டெஸ்ட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவதிலிருந்து பந்து எங்கோ போய் நிற்கும் வரை ஆறு விநாடி என்று வைத்துக்கொண்டால், மொத்தமே 54 நிமிடம். ஆட்ட நேரம் ஆறு மணி. மிச்ச ஐந்து மணிச் சொச்சம்? ஒருவர் திரும்பி நடக்கிறார், பந்தைப் பேன்ட்டில் தேய்க்கிறார், பேட்ஸ்மேன் பிட்ச்சின் நடுவில் வந்து மட்டையால் இரண்டு தட்டுத் தட்டுகிறார், அம்பயர் தொப்பியை வாங்கி வைத்துக்கொள்கிறார். கிரிக்கெட் பிடிக்காதவர்கள் சிரிப்பது இந்த இடத்தில்தான். ஆனால் அவசரமான விளையாட்டு என்று பேர் வாங்கிய அமெரிக்கக் கால்பந்தின் மூன்று மணி நேர ஒளிபரப்பை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010இல் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தபோது, பந்து உண்மையில் ஆட்டத்தில் இருந்த நேரம் சுமார் 11 நிமிடம்தான் என்று வந்தது. அவர்களைவிட நாங்கள் பரவாயில்லை.

எனக்கோ அந்த ஐந்து மணி நேரம்தான் ஆட்டம். ஸ்லிப்பில் நின்ற ஒருவரை எடுத்து கேப்டன் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்திலேயே, ஷார்ட் லெக்கில் கொண்டுவந்து நிறுத்துகிறார். அடுத்த பந்தில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த பந்திலும் இல்லை. ஆனால் பேட்ஸ்மேனின் முன்கால் இப்போது அரை அடி தயங்குகிறது, பவுன்சர் வருமோ என்ற நினைப்பு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது, நான்கு ஓவர் கழித்து ஒரு சாதாரணமான ஃபுல் லெங்த் பந்தில் எல்பிடபிள்யூ ஆகிறார். ஹைலைட்ஸில் அந்தக் கடைசிப் பந்து மட்டும்தான் இருக்கும். "இந்தப் பந்தையா விட்டான்!" என்று பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அவனை அவுட்டாக்கியது அந்தப் பந்து இல்லையே. இருபது ஓவர் ஆட்டத்தின் மீது எனக்குப் பகையில்லை, பார்க்கிறேன், கத்துகிறேன், அடுத்த நாள் மறந்துவிடுகிறேன். இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் விளம்பரத்தைச் செருகினால் பிறகு மனதில் எது தங்கும்?

அந்த இடைவெளியில் நிஜமாகவே புத்தகம் படித்தவரும் உண்டு. ஜிம் கூரியர், டென்னிஸில் உலகின் முதல் இடத்தில் இருந்தவர், 1993இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் கோர்ட் மாறும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாவலை விரித்து வைத்துப் படித்தார். டென்னிஸில் அதற்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். அன்று அவர் தோற்றும் போனார். ஆட்டத்துக்கு அவமரியாதை என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் ஏ. ஜே. பிரவுன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைதான ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்ததை கேமரா பிடித்துவிட்டது. அவருடைய அணி ஜெயித்தது. அவர் கையில் இருந்த புத்தகம் உடனே அமேசான் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குத் தாவியது. ஜெயித்தால் மன ஒருமை, தோற்றால் திமிர். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தான். எனக்கு என்னவோ கூரியரைத்தான் பிடித்திருக்கிறது. பிரவுன் வைத்திருந்தது மனதைப் பக்குவப்படுத்தும் வகைப் புத்தகம், அதாவது அதுவும் ஒருவகையில் ஆபீஸ் வேலை. நடு ஆட்டத்தில் நாவல் படிப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

வேலையில் இந்த இடைவெளியெல்லாம் செத்துப்போய்விட்டது. என் காலண்டரில் ஒரு மீட்டிங் 10.30க்கு முடிந்தால் அடுத்தது அதே 10.30க்குத் தொடங்குகிறது. அறைக்கு அறை நடந்துபோன காலத்தில் அந்த நடையாவது இருந்தது, இப்போது கணினித் திரையில் ஒரு ஜன்னலை மூடி இன்னொரு ஜன்னலைத் திறக்கிறோம். ரோஜர் பேனிஸ்டர் என்ற ஓட்டக்காரர் மருத்துவம் படித்துக்கொண்டே மதிய இடைவேளையில் போய் ஓடிவிட்டு வருவாராம், அவருக்குப் பயிற்சிக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். 1954 மே 6 அன்று காலையில் லண்டனில் வழக்கம்போல மருத்துவமனைக்குப் போனார், அப்புறம் ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போய் சாயங்காலம் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் அதை ஓடிய முதல் ஆள். அவருக்கு மட்டும் என்னுடைய காலண்டர் இருந்திருந்தால் மதியம் "விரைவாக ஒரு சின்ன போன் கால்" என்று யாராவது பிடித்து வைத்திருப்பார்கள்.

நடுவில் கிடைக்கும் சும்மா நேரத்தில்தான் நல்ல யோசனை வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் வந்தது. இரண்டு நாளாக ஒத்துப்போகாமல் இழுத்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு அறிக்கை. சாயங்காலம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது திடீரென்று விடை பளிச்சென்று தெரிந்தது. அங்கேயே போனில் குறித்துக்கொண்டு, வண்டியில் நிம்மதியாக 20 பக்கம் படித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் பார்த்தால் அந்த விடை தவறு. முழுக்கத் தவறு. ஆனால் அன்றைய ராத்திரித் தூக்கம் லாபம்தானே.

அப்புறம் ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டு, அதாவது எஸ்கலேட்டர். அதில் நடந்து ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஒரு பக்கமாக நிற்பதுதான் பல ஊர்களில் மரியாதை. லண்டனில் ஹோல்பார்ன் என்ற சுரங்க ரயில் நிலையத்தில், 2015 கடைசியில், இரண்டு பக்கமும் நில்லுங்கள், யாரும் நடந்து ஏறாதீர்கள் என்று சில வாரம் சொல்லிப் பார்த்தார்கள். நெரிசல் நேரத்தில் சுமார் 30 விழுக்காடு கூடுதலான பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள். படிக்கட்டு உயரமாக இருந்தால் நடந்து ஏறுகிறவர்கள் ரொம்பக் குறைவு, அவர்களுக்காக ஒதுக்கிய பாதி படிக்கட்டு காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் பயணிகளுக்கு எரிச்சலோ எரிச்சல். எனக்கு இதில் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது: நின்றால் இரண்டு பத்தி படிக்கலாம்.

படிக்கிற இன்னொருவர் எங்கள் பெட்டியில் உண்டு. மூன்றாவது கதவுக்குப் பக்கத்தில், எப்போதும் தடித்த புத்தகம், அட்டைக்குக் காகித உறை போட்டிருப்பார், அதனால் என்ன புத்தகம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் 1972இல் இப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்த அந்நியர்கள் என்று பேர் வைத்தார். ரயில் நிலையங்களில் நிற்பவர்களைப் படமெடுத்து, அவர்களிடமே அந்தப் படத்தைக் கொடுத்துக் கேட்டதில், ஒவ்வொருவருக்கும் சராசரியாக நான்கு பேரின் முகம் தெரிந்திருக்கிறது, பேசியது மட்டும் இல்லை. வழக்கமான இடத்தை விட்டு வேறெங்காவது பார்த்தால்தான் இவர்கள் பேசிக்கொள்வார்கள் என்றும் அவர் எழுதினார்.

அது சரிதான். போன மாதம் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் அவரைப் பார்த்தேன். என் கையில் டோக்கன் 41, உள்ளே 17 போயிருந்தது. சுவரில் சத்தமில்லாமல் டிவி, அதில் டெஸ்ட் மேட்ச். அவர் என்னைப் பார்த்து, பல வருஷப் பழக்கம் போல நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சார், இன்னைக்குப் புத்தகம் இல்லையா?" என்றார். அவர் கையிலும் இல்லை. ஒரு பெரிய கவர்தான் இருந்தது, ஸ்கேன் படமாக இருக்கும், நான் கேட்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். யாரை எப்போது பந்து வீச விட வேண்டும், இந்த கேப்டனுக்கு ஏன் இவ்வளவு பயம், தேர்ட் மேனில் ஓர் ஆளை நிறுத்தி என்ன பிரயோஜனம், இதுதான் பேச்சு. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நாலு விக்கெட் விழுந்திருந்தபோது அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

மறுநாள் ரயிலில் அதே மூன்றாவது கதவு, அதே காகித உறை. நான் என் இடத்தில், அவர் அவர் இடத்தில். இரண்டு பேரும் பேசவில்லை. நான் புத்தகத்தை விரித்து ஒரு பத்துப் பக்கம் போயிருப்பேன், நிமிர்ந்தபோது அவர் போனை அப்போதுதான் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, ஒரு கையை முழுசாக விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலைக் காட்டினார். ஆறு விழுந்துவிட்டது.