காசிமேட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்

பயிற்சி என்றாலே எனக்கு ஞாபகம் வருவது ஏசி ஹால்தான். காலையில் நோட்டு, பேனா. மாலையில் சான்றிதழ், குரூப் போட்டோ. பதினாறு வருடமாக வடசென்னையில் சமூகப் பணியில் இருக்கிறேன். இப்படி எத்தனையோ பயிற்சிக்குப் போய் வந்தாயிற்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து என்ன பேசுவது என்று அங்கே யாரும் சொல்லித் தந்ததில்லை. கோழிக்கோட்டில் மூன்று வாரம் இருந்தபோதுதான் அதைக் கற்றேன்.

அங்கே 1993-ல் மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பாலியேட்டிவ் பணி, அதாவது கடும் நோயில் கிடப்பவர்களின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை, பிறகு ஊர்க்காரர்கள் கைக்குப் போனது. கேரள அரசு 2008-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் ஜீப்பில் எங்களோடு வந்த தன்னார்வலரைப் பற்றி எதிலும் படித்திருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்குள் போனதும் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். அரிசி இருக்கிறதா, பெண் பள்ளிக்கூடம் போகிறாளா என்று விசாரித்தார். அப்புறம்தான் நர்ஸ் பையைத் திறந்தார். நாற்றமடித்த புற்றுநோய்ப் புண்ணைக் கழுவி, நாற்றத்தைக் குறைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினார். சில நாள் கழித்து மறுபடி போனபோது, அந்த அறையிலேயே பேரன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதுவரை அவன் வாசலோடு நின்றுவிடுவானாம்.

சரி, இதை அப்படியே நம் ஊரில் செய்யலாம் என்று திரும்பி வந்தேன். காலை ஒன்பது மணிக்குக் காசிமேட்டில் ஹவுசிங் போர்டு படியேறினால் வீடுகள் பூட்டிக் கிடந்தன. “காலைல வந்தா யாரும்மா இருப்பாங்க? எல்லாம் ஏலத்துக்குப் போயிருக்கும். மூணு மணிக்கு மேல வா” என்றார் ஒரு மீன்காரம்மா. விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்குப் போகிற பெண்கள்தான் இங்கே எங்களுக்குத் தன்னார்வலர்கள். எங்கள் நேரத்தை அவர்களுக்காக மாற்றினோம்.

அடுத்த வருடம் கோழிக்கோட்டிலிருந்து ஒரு மாணவர் ஒரு மாதம் இங்கே வந்து தங்கினார். அவர் திணறியது மாடிப்படியில். அவர் போய்ப் பழகிய வீடுகளில் நோயாளியைத் திண்ணை வரைக்கும் கூட்டிவந்து வெயிலில் உட்காரவைக்கலாம். இங்கே மூன்றாவது மாடியில் ஒரு அக்கா எட்டு மாதமாகக் கீழே இறங்கவே இல்லை. லிஃப்ட் கிடையாது. கடைசியில் கேரம் கிளப் பசங்க நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். அக்கா கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நாற்காலியை எப்படிப் பிடிப்பது, திருப்பத்தில் யார் முன்னால் போவது என்று அந்த மாணவர் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் ஊரிலும் அடுக்குமாடிகள் பெருகிவருகின்றனவே.

ஓர் ஊர் கற்றுக்கொடுக்க, இன்னோர் ஊர் கேட்டுக்கொண்டே இருப்பதைக் கூட்டுப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் போய்த் தங்க வேண்டும். அதற்கு ரயில் கட்டணமும் ஒரு மாத வாடகையும் இருந்தால் போதும். ஹாலுக்குச் செலவழிப்பதை இதற்குக் கொடுங்கள் என்று போகிற இடமெல்லாம் கேட்கிறேன்.

நம் அரசும் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை தருகிறது. நர்ஸ் வந்து போன பிறகு, ராத்திரி பத்து மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது? அதே மாடியில் இருக்கும் ஒருவரைத்தான். அவருக்குத்தான் பயிற்சி வேண்டும்.

அடுத்த மாதம் மங்களூர் மெயிலில் மூன்று பேர் கோழிக்கோடு போகிறார்கள். கேரம் கிளப் பையன் ஒருவன், மகளிர் குழுவில் இருந்து இரண்டு பேர். அதில் ஒருவர் வீட்டில் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நாளை மூன்று மணிக்கு மேல் போய்ப் பேச வேண்டும்.