முப்பத்தைந்து கிரெயின் கருமருந்து

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு விஸ்கான்சினில் மாமாவின் நிலத்துக்குப் போய், மான் வேட்டைக்கு எடுக்கப்போகும் பழைய வின்செஸ்டர் துப்பாக்கியில், மணல்மேட்டைப் பார்த்து ஒரே ஒரு தோட்டா சுட்டேன். குப்பென்று வெள்ளைப் புகை. அந்த நெடி! சாத்தூரில் எங்கள் தெருவில் விடியற்காலை நாலு மணிக்கு எழும் அதே நெடி. சரவெடி நெடி இல்லை, புஸ்வாணம் அடங்கிய பிறகு வருமே, அது. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. பட்டாசு ஆலைக்குப் போய்வந்த அத்தை இதை மருந்து என்றுதான் சொல்வாள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

மாமாவின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மாலை 91. நல்ல நாள்.

நவம்பர் 2, சனி

வெளியே அடுப்பு வைத்து ஈயம் உருக்கினேன். 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். ஒவ்வொரு குண்டும் 200 கிரெயின், சுமார் 13 கிராம். மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். கூர்மூக்கு என்றால் முன்னால் நிற்பதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைக் குத்திவிடும்.

பூசுவதற்குத் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும். குளிரில் அது கல்லாகிவிடுமோ என்று கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தேன். குழலுக்குள் படியும் கரியை இந்தக் கொழுப்புதான் இளக்கமாக வைத்திருக்கும். காய்ந்துவிட்டால் ஐந்தாவது குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

எனக்கு ஐந்து வேண்டாம். ஒன்று போதும்.

நவம்பர் 3, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினோம். மாமா மட்டும் பழைய நேரத்துக்கே விழித்துக் கிடந்தார்.

நவம்பர் 6, புதன்

இன்று 14 தோட்டாக் கூடுகள் வீண். இந்தத் துப்பாக்கிக்கான 44-40 தோட்டாவின் கழுத்து காகிதம் மாதிரி. குண்டை இறக்கும்போது ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கழுத்து நசுங்கிவிடுகிறது. அந்த மெல்லிய கழுத்துதான் இதன் வரமும். சுட்டவுடன் அது உப்பி அறையை அடைத்துக்கொள்வதால் கரி பின்னால் வராது, தோட்டா ஏற்றும் லீவரின் மூட்டுகள் சுத்தமாக இருக்கும்.

பெயரில் உள்ள 40 என்பது 40 கிரெயின் மருந்து. பழைய கூடுகளில் அது கொள்ளும். இப்போது செய்யும் கூடுகளின் அடிப்பாகம் கனம், எனவே 35-தான் போடுகிறேன். நீண்ட பித்தளைக் குழாய் வழியாக மெதுவாகக் கொட்டினால் மருந்து தானாகவே நெருக்கமாகப் படிகிறது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே காற்று நிற்கக் கூடாது. மாமா மூன்று தடவை கேட்டார்: இடம் விடவில்லையே, இடம் விடவில்லையே என்று. விடவில்லை மாமா.

நவம்பர் 9, சனி

50 கஜத்தில் ஐந்து குண்டுகள், என் உள்ளங்கை மறைக்கும் அளவுக்குள். பிறை வடிவ இரும்புக் கட்டை தோளைக் கடித்துவிட்டது. 60 கஜம் வரைதான் சுடுவேன் என்று எனக்கு நானே எல்லை வைத்துக்கொண்டேன். மச்சானின் துப்பாக்கி 300 கஜத்தில் அடிக்கும். அது வேறு வேலை.

நவம்பர் 12, செவ்வாய்

88. மருத்துவமனையில் இரவு.

நவம்பர் 13, புதன்

88. பிறகு 90. பிறகு 88.

நவம்பர் 15, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார். மூக்கில் குழாய், கட்டிலோரம் இரைகிற இயந்திரம். கருமருந்து டப்பாவையும் கேப்புகளையும் அன்றே பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றினேன். ஆக்ஸிஜன் ஓடும் வீட்டில் இது ஒரு நொடிகூட இருக்கக் கூடாது.

துப்பாக்கி மட்டும் அவர் அறைச் சுவரில். 1873-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர், 1891-இல் செய்தது, எண்கோணக் குழல். ஏறத்தாழ 7 லட்சத்து 20 ஆயிரம் செய்தார்கள், அதில் ஒன்று இவருடைய தாத்தா கைக்கு வந்திருக்கிறது. அவர் மரம்வெட்டும் முகாமில் இருந்தவர். மாமா தன் ஆயுளெல்லாம் வேறு துப்பாக்கியில்தான் வேட்டையாடினார். இதை எடுத்ததே இல்லை. புகையில்லா மருந்து போட்டால் இதன் மூட்டு தாங்காது, கருமருந்துக்கு யார் அல்லாடுவது என்று விட்டுவிட்டார். உள்ளே இரண்டு இணைப்புகள், முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்கின்றன. அந்த முழங்காலை நம்பி எவ்வளவு அழுத்தம் வைக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு.

ஆகஸ்டில் திடீரென்று கேட்டார். நீ எடுத்துப் போகிறாயா என்று. அவ்வளவுதான். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. “மானையா? வாயில்லாச் சீவன யய்யா.” சரிம்மா என்றேன். கறிக்கடையில் இருப்பதும் வாயில்லாச் சீவன்தான் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். அம்மா கேட்டது அதுவல்ல. கொஞ்சம் கழித்து, “ஒங்க மாமா ஆசப்பட்டாரா?” என்றாள். ஆமாம்மா. “அப்பச் சரி. சூதானமாப் போயிட்டு வா.”

நவம்பர் 22, வெள்ளி

நாளை மான் வேட்டை தொடக்கம். ஒன்பது நாள். விஸ்கான்சினில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் நாளைக் காலை ஆரஞ்சு உடையில் காட்டில் இருப்பார்கள். பெட்ரோல் பங்கில் வரிசை. ரைன்லேண்டரில் எங்கே நின்றாலும் இதே பேச்சு.

பத்துத் தோட்டாக்களைத் துடைத்து, கேப் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். உயர்ந்திருக்கிறதா, ஆழ்ந்திருக்கிறதா என்று. மனைவி வந்து, மணி பதினொன்று என்றாள். மீண்டும் எண்ணினேன். பத்து.

89.

நவம்பர் 23, சனி

பனி இல்லை. சருகு நனைந்திருக்கிறது, நடக்க ஓசையில்லை. உதயத்துக்கு அரை மணி முன்பே சுடலாம், ஆனால் அந்த வெளிச்சத்தில் என் முன்குறி எனக்குத் தெரியவில்லை. மங்கிய செம்பு முள், கறுப்புக் காடு. உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் அங்கங்கே மற்றவர்களின் வெடிகள், மெல்லிய பலகையை உடைப்பது போல.

எட்டரைக்கு மூன்று பிணைகள், பெண் மான்கள், 20 கஜத்தில் கடந்தன. கடைசியாக வந்தது நின்று என்னைப் பார்த்து முன்னங்காலால் தரையைத் தட்டியது. என் சீட்டு கலைமானுக்கு, அதாவது ஆண் மானுக்கு, மட்டும். பிணையும் கலையும், பள்ளியில் செய்யுளில் படித்த சொற்கள், இங்கே வந்துதான் எனக்குப் பொருளாயின. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மூன்றும் சதுப்புக்குள் போயின.

நவம்பர் 24, ஞாயிறு

மச்சான் ஒரு கலை அடித்தான், கொம்பில் எட்டு முனை. கழித்துச் சுத்தம் செய்ய உதவினேன். நுரையீரலை வெளியே எடுத்தபோது கை நின்றுவிட்டது. பஞ்சு போல, இளஞ்சிவப்பு, அவ்வளவு லேசு. தலையைச் சோதனைப் பெட்டியில் போட்டான். 2002-இல் இந்த மாநிலத்தில் கண்டுபிடித்ததிலிருந்து மான்களின் அந்த மூளை நோய் பரவிக்கொண்டே இருக்கிறது. முடிவு வரும்வரை கறியைத் தொட மாட்டோம்.

90.

நவம்பர் 25, திங்கள்

இரவு மணி ஒன்று. தூக்கம் வராது, எழுதுகிறேன்.

மாலை நாலு மணி தாண்டி ஐந்தாறு நிமிடம். காற்றே இல்லை, ஈரம். கலை சதுப்போரமாக வந்தது, தலை தாழ்த்தி, பிணைகள் போன தடத்தை முகர்ந்தபடி. நான் எண்ணி வைத்திருந்த ஹெம்லாக் மரத்துக்கு இந்தப் பக்கம். 55 கஜம். கொக்கியை முழுதாக இழுத்தேன். அந்த ‘கிளிக்’ சத்தத்துக்குத் தலை தூக்கியது. முன்னங்கால் பின்புறம் முள்ளை வைத்து அழுத்தினேன்.

புகை. காற்று இல்லாததால் அது போகவே இல்லை. சுட்ட மருந்தில் பாதிக்கு மேல் திடமாகவே மிஞ்சும், அதுதான் இத்தனை புகை, குழலில் இத்தனை கரி. தெரிந்த விஷயம். ஆனால் அந்த வெள்ளைக்கு அப்பால் ஓர் உயிரை நான் என்ன செய்தேன் என்று தெரியாமல் நின்றபோது ஒரு தெரிந்த விஷயமும் உதவவில்லை. குளம்புச் சத்தம் நாலைந்து. ஒரு கிளை முறிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. விழுந்த சத்தமா, ஓடியதன் சத்தமா?

கை தானாக லீவரை இறக்கி ஏற்றிவிட்டது. வெளியே வந்த கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். சூடாக இருந்தது.

அரை மணி காத்திருக்க வேண்டும் என்பது மாமா சொன்னது. உடனே தேடிப் போனால் அடிபட்டது எழுந்து ஓடும், மைல் கணக்கில் போய்ச் செத்துக் கிடக்கும். காத்திருந்தேன். இருட்டிவிட்டது. டார்ச்சுடன் போனேன். அது நின்ற இடத்தில் சருகு கலைந்திருந்தது. ரத்தம் இல்லை. மயிர் இல்லை. நுரையீரலில் பட்டால் நுரைத்த சிவப்பு, குடலில் பட்டால் பச்சை நாற்றம். எதுவுமில்லை. மச்சானும் வந்தான். மண்டியிட்டு ஒவ்வொரு இலையாகப் புரட்டினோம். ஒன்பதரை வரை. அவன் தோளைத் தொட்டு, காலையில் பார்ப்போம் என்றான்.

வந்ததும் வெந்நீர் வைத்தேன். மனசு எப்படி இருந்தாலும் இந்தக் குழலைக் கழுவாமல் படுக்க முடியாது. மிஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், விடிவதற்குள் துரு. பின்புறம் திறப்பில்லாத துப்பாக்கி, வாய்ப்பக்கத்திலிருந்துதான் கம்பி விட வேண்டும். நாலு தண்ணீர் கறுப்பு, ஐந்தாவது சாம்பல், ஆறாவது தெளிவு. எண்ணெய்.

எங்கேயோ அது படுத்திருக்கிறதா?

நவம்பர் 26, செவ்வாய்

விடுப்பு. ஏழிலிருந்து தேடினேன். அது போன தடத்தைக் குளம்புக் குழி குழியாகப் பின்தொடர்ந்தேன். 200 கஜத்துக்குப் பிறகு ஓட்டம் நடையாகியிருந்தது. படுத்த தடம் இல்லை, ஒரு சொட்டு இல்லை.

திரும்பி வந்து நான் சுட்ட இடத்தில் உட்கார்ந்து, அதே கோட்டில் கண்ணை வைத்து நடந்தேன். 40 கஜத்தில் பென்சில் கனமுள்ள ஒரு கிளை, பாதியில் அறுந்து, வெட்டுவாய் புத்தம் புதுசாக வெள்ளையாக. மாலை வெளிச்சத்தில் அது என் கண்ணில் படவே இல்லை. அங்கிருந்து வலப்பக்கம் ஒதுங்கி ஒரு பிர்ச் மரம், அதில் சுண்டுவிரல் நுழையும் துளை. கத்தியால் தோண்டி எடுத்தேன். என் குண்டுதான், காளான் மாதிரி விரிந்து. மரநார் ஒட்டியிருந்தது. வேறு எதுவும் ஒட்டவில்லை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 27, புதன்

அந்தக் கூட்டைக் கழுவவில்லை. சுட்ட கையோடு சோப்புத் தண்ணீரில் போட்டால்தான் பித்தளை கறுக்காது. இது கறுக்கட்டும். மாமாவிடம் கொடுத்தேன். மூக்கில் இருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு விலக்கினாள். முகர்ந்தார். வெகு நேரம். தாத்தாவின் கம்பளிச் சட்டை என்றார். அவருக்கு அப்போது ஆறு வயதாம். கொல்லை வாசலில் ஆணியில் தொங்குமாம்.

தப்பிவிட்டது என்று சொன்னேன். கிளையைப் பற்றிச் சொன்னேன். எந்த மரத்துக் கிளை என்று கேட்டார். தெரியவில்லை மாமா. நாளை பார்த்து வந்து சொல் என்றார்.

நவம்பர் 28, வியாழன்

நன்றித் திருநாள். வான்கோழி, பூசணி, ஒன்பது பேர். நல்ல குளிர் இறங்கிவிட்டது. மாமா மேசைக்கு வரவில்லை. கிளை அயர்ன்வுட். சொன்னேன், தலையசைத்தார்.

அந்தக் குண்டு மீது மயிர் இல்லை. நிச்சயம் இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

86. காட்டுக்குப் போகவில்லை.

நவம்பர் 30, சனி

86. இன்றும் வேண்டாம் என்று இருந்தேன். மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். பேச முடியவில்லை, சுவரைக் காட்டினார். பிறகு விரலால் காற்றில் ஒரு கோடு, வடக்கே, சதுப்பைத் தாண்டி. குளிர் இறுகினால் மான் செடார் மரங்களுக்குக் கீழே ஒதுங்கும். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். லேசான பனித்தூறலில் புதுத் தடம், அகலமானது, கால் இழுத்து நடக்கவில்லை, நாலும் சமமாக ஊன்றியிருக்கிறது. அதுதானா என்று எப்படிச் சொல்வது? அதுதான் என்று எனக்குப் பட்டது. சுடும் நேரம் முடியும் வரை நின்றேன். வரவில்லை.

இரவெல்லாம் கட்டிலோரம் நான். இயந்திரச் சத்தத்தை எண்ணிக்கொண்டே.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை 4.50. 87. தூங்குகிறார். கடைசி நாள். கூடு அவர் உள்ளங்கைக்குள் இருக்கிறது, எடுக்கவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, போ, நான் இருக்கிறேன் என்கிறாள். காற்று வடமேற்கு, அப்படியென்றால் சதுப்பின் தென்கிழக்கு ஓரமாகப் போய் உட்கார வேண்டும். தோட்டாக்கள் ஒன்பது. முன்குறியில் ஒரு பொட்டு வெள்ளைச் சுண்ணாம்பு வைத்திருக்கிறேன்.