அறிவும் கலைத்திட்டமும்: இந்தத் தாளை நான் படித்த விதம்

பி.எட். மாணவர்கள் பலரும் கடைசிக்குத் தள்ளிவைக்கும் தாள் இது. பள்ளியில் எதை, ஏன், எப்படிக் கற்பிப்பது என்ற திட்டம்தான் கலைத்திட்டம். பாபிட், டைலர், டாபா என்று கலைத்திட்ட அறிஞர்களின் வரையறைகளை மட்டும் உருப்போட்டால், யார் எதைச் சொன்னார் என்பது தேர்வறையில் குழம்பிவிடும். நான் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவருடைய நாட்டையும் காலத்தையும் எழுதி வைத்துப் படித்தேன். கோட்பாடு ஏன் பிறந்தது என்று தெரிந்தால் அது தானாக நினைவில் நிற்கிறது.

பாபிட்டின் நூல் வந்தது 1918இல். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டிருந்த காலம் அது. அவரும் அதே பாணியில், பெரியவர்கள் வாழ்க்கையில் செய்யும் செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றைப் பள்ளியின் இலக்காக்கினார். 1949இல் டைலர் நான்கு கேள்விகள் வைத்தார்: நோக்கம் என்ன, என்ன அனுபவங்கள் தருவது, அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது? 1962இல் டாபா, திட்டமிடல் மேலிருந்து வராமல் ஆசிரியரிடமிருந்து தொடங்கட்டும் என்றார்.

டைலரின் கேள்விகளை நம் திண்ணைப் பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். நோக்கம், எழுத்தும் கணக்கும் ஊர் வாழ்க்கைக்கு உதவ வேண்டும் என்பது. அனுபவம், மணலில் விரலால் எழுதுவது, ஆத்திசூடி, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற கணக்குச் சுவடிகள். 1/320 ஆன முந்திரி வரை பின்னக் கணக்கு மனத்திலேயே ஓடும். ஒழுங்கமைப்பில், மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளைக்குப் பெரிய பங்கு. மதிப்பீடு, பிழையில்லாமல் ஒப்பிப்பது. இன்னொரு கேள்வியையும் சேர்த்து எழுதினால் விடை கனமாகும்: எந்தச் சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்தது? பாடமாகச் சொல்லாமலே பள்ளி கற்றுத்தருவதைக் குறிக்கும் மறைமுகக் கலைத்திட்டத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. (மணலில் எழுதும் முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் எழும்பூரில் நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் நூலாகவே போட்டார்.)

ஜெர்மன் மரபைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே அரசு பாடப்பொருளைத் தரும். அதில் பிள்ளையை வளர்க்கக்கூடியது எது என்று தேடுவது ஆசிரியரின் பொறுப்பு. இந்தப் பாடம் பிள்ளையின் இன்றைக்கும் நாளைக்கும் என்ன தரும் என்று கேட்கச் சொன்னார் ஜெர்மன் கல்வியாளர் கிளாஃப்கி. டைலரோடு ஒப்பிட இரண்டு வரி போதும்.

இந்தியப் பகுதிக்கு மெக்காலே குறிப்பு 1835, வுட் அறிக்கை 1854, காந்தியின் வார்தா கல்வித் திட்டம் 1937, கோத்தாரி கல்விக் குழு 1964-66, தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 ஆகியவை கட்டாயம். நேரம் குறைவு என்றால் வார்தாவை மட்டுமாவது ஆழமாகப் படியுங்கள். கைத்தொழில், தாய்மொழி, 7 ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி மூன்றும் அதில் இருப்பதால் பல வினாக்களுக்குக் கைகொடுக்கும்.